வாழிக்கு முன்னால் நின்ற பாட்டு

வானொலி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் கருவிகளைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னைக் கேட்டார்கள். கருவிகளை நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதில் நான் வாயைத் திறந்தால் கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும். அதனால் வேறொன்று சொல்கிறேன். ஒரு பாட்டை எந்த இடத்தில் நிறுத்தலாம், எந்த இடத்தில் நிறுத்தக் கூடாது என்பதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று சொல்கிறேன்.

நான் நிலையத்துக்குள் நுழைந்தது பிற்பாடு. அதற்கு முன்பு, நம்முடைய தாலுகாக்கள் எந்த ராஜ்யத்தோடு சேரும் என்று ஊரே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த காலத்தில், நான் ஒரு பூங்காவில் ரேடியோ ஆப்பரேட்டராக இருந்தேன். வடசேரிச் சந்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது அந்தப் பூங்கா. வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்களை அப்போது விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்ற எல்லோருக்கும் பூங்காதான் ரேடியோ. நடுவில் ஒரு சின்ன அறை. அதற்குள் ஒரு பெரிய வால்வு செட், அதன் சத்தத்தைப் பெரிதாக்க ஒரு ஆம்ப்ளிஃபையர், அதோடு ஒரு மைக். வெளியே ஒரு கம்பம், அதன் உச்சியில் திசைக்கு ஒன்றாகக் கோளாம்பிகள். குழாய் ஒலிபெருக்கிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். வெற்றிலை துப்புகிற பாத்திரத்தின் பெயரை டில்லியே வந்து பேசுகிற குழாய்க்கு வைத்த புத்திசாலி யார் என்று தெரியவில்லை.

என் வேலை பெரிய வித்தையொன்றும் இல்லை. சாயங்காலம் செட்டைப் போட வேண்டும், முடிந்ததும் நிறுத்த வேண்டும். சந்தையில் பிள்ளை தொலைந்தால் மைக்கில் சொல்ல வேண்டும். குடிதண்ணீர் வராத நாளில் அதையும் சொல்லி, வருகிற வசவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். ஒவ்வொரு நாளும் வால்வு சூடாகி, கோளாம்பிக்குள் முதலில் ஓர் இரைச்சல் வந்து, அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு மனிதக் குரல் எழும்பும்போது எனக்கு உடம்பு புல்லரிக்கும். செட்டைப் போட்டது நானேதான். இருந்தும் புல்லரிக்கும். காய்க்கூடையை இறக்கி வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செய்தி வாசிப்பவர் "வணக்கம்" என்றால் கை கூப்பித் திரும்ப வணக்கம் சொல்லாமல் உட்கார மாட்டார் ஒருவர். பேசுகிறவன் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக மரியாதையைக் குறைக்க அவருக்கு மனம் வரவில்லை. நீங்களும் நானும் அந்த மரியாதையில்தான் சாப்பிடுகிறோம்.

பூங்காவுக்கு இரண்டு கூட்டம் வரும். பெஞ்சில் உட்காருவது செய்திக் கூட்டம், புல்தரையில் உட்காருவது பாட்டுக் கூட்டம். செய்திக் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி ஒரு வக்கீல் இருந்தார். தமிழ்த் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடுதான் சேர வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசித் தொண்டை கட்டிப்போனவர். பாட்டு நடக்கும்போது அவர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பக்கத்தில் டேவிட் சார் உட்காருவார். பள்ளிக்கூட வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிறவர். செய்திக்கு வருகிறேன் என்பார், ஆனால் பாட்டு வந்தால் முழங்காலில் தாளம் போடும் அவர் விரல்.

ஒருநாள் நிலையத்திலிருந்து அறிவிப்பு வந்தது. மறுவாரம் ஒரு சாயங்காலம், செய்திக்கு முன்னால் அரை மணி நேரம், நம் ஊர்ப்பக்கத்து அண்ணாவி ஒருவரின் வில்லுப்பாட்டு. நேரடி ஒலிபரப்பு. பதிவு செய்து வைத்து ஒலிபரப்புவது அப்போது அபூர்வம்; பாடுகிறவர் நிலையத்தில் பாடப்பாட நாங்கள் இங்கே கேட்போம்.

வெளியூர்க்காரர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடை என்று பெயர். கொடையில் வில்லடித்துச் சாமியின் கதையைப் பாடுவார்கள். பாடுகிறவர்களின் தலைவர் அண்ணாவி. கதை சாமி பிறந்ததில் தொடங்கி, மெல்ல மெல்ல ஏறி, ஓரிடத்தில் சாமியை வரச்சொல்லிக் கூப்பிடும். அதற்கு வரத்துப்பாட்டு என்று பெயர். குடமும் உடுக்கும் அப்போது அடிக்கிற அடியில் கல்லுக்கும் உயிர் வந்துவிடும். கூட்டத்தில் யார் மேலாவது சாமி வரும், ஆடும், குறி சொல்லும். கடைசியில் அண்ணாவி வாழி பாடுவார். ஊர் வாழ்க, கேட்டவர் வாழ்க என்று பாடி முடித்தால்தான் சாமி மலையேறும், ஆடியவர் பழையபடி மனிதராவார். கூப்பிடுவதற்கு ஒரு பாட்டு, அனுப்பி வைப்பதற்கு ஒரு பாட்டு.

நிலையத்தில் இருந்தவர்கள் படித்தவர்கள், ரசிகர்கள். வில்லுப்பாட்டில் எது ரொம்ப நன்றாக இருக்கும் என்று யாரையோ கேட்டிருப்பார்கள், வரத்துப்பாட்டு என்று அவரும் சொல்லியிருப்பார். அது உண்மைதானே. அரை மணியில் அந்த உச்சத்தைத் தொட்டுவிட வேண்டும் என்று ஏற்பாடு.

அன்று சாயங்காலம் பூங்கா கொடைக் கோயில் மாதிரி ஆகிவிட்டது. தோவாளைப் பக்கமிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் செட்டைப் போடப் போகும்போது செல்லம்மை வந்து அறை வாசலில் நின்றாள். சந்தையில் காய் விற்கிறவள், எனக்கு நன்றாகத் தெரிந்தவள், அண்ணி மாதிரி. கையில் ஒரு குத்துவிளக்கு, வாழையிலை, நாழி நிறைய நெல்.

"மக்கா, கம்பத்துக்குக் கீழ வெளக்கு வைக்கட்டா?"

"எதுக்கு மைனி? அது ரேடியோல்லா?"

"ரேடியோன்னா? பாடுகது இசக்கியம்மை கதைல்லாடே? வெளக்கு இல்லாம அம்மைக்க கதைய எப்படி உக்காந்து கேக்க?"

நகரசபைப் பூங்காவில் விளக்கு வைக்கலாம் என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. வைக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கவில்லை. "காத்துல அணைஞ்சிராம பாத்துக்கோ" என்றேன். கொஞ்ச நேரத்தில் யாரோ கம்பத்துக்கு ஒரு அரளி மாலையும் கட்டிவிட்டார்கள். புல்தரையில் உட்கார்ந்த ஆண்களெல்லாம் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தார்கள். நானும் கழற்றினேன்.

பாட்டு தொடங்கியது. நான் எத்தனையோ கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டவன். அன்று கேட்டது வேறு. வில்லின் மணிகள் கோளாம்பிகளிலிருந்து கொட்டும்போது அந்தச் சத்தம் வானத்திலிருந்து இறங்குகிற மாதிரி இருந்தது. பாடுகிற ஆளைக் காணோம், வில்லைக் காணோம், கோயிலைக் காணோம். நாடகம் மாதிரி பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, அதனால் கண் வேறெங்கும் போகவில்லை. மொத்தக் கூட்டமும் அண்ணாந்து கம்பத்து உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தது. குழந்தைகள்கூட அழவில்லை. அறை வாசலில் நின்றுகொண்டு, இத்தனை பேரை இப்படி நிறுத்தி வைக்கிற சாமான் என் கையில் இருக்கிறது என்று நினைத்தேன். பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

வரத்து தொடங்கியது. குடத்தின் அடி நெருங்கி நெருங்கி வந்தது. உடுக்கு அலறியது. அண்ணாவி அம்மையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒருமுறை கூப்பிட்டார், மறுபடி கூப்பிட்டார். கம்பத்தின் கீழே விளக்குக்குப் பக்கத்தில் இருந்த செல்லம்மை ஒரு சத்தம் போட்டு எழுந்தாள். கொண்டை அவிழ்ந்துவிட்டது. கால் தரையில் பாவாமல் ஆடினாள். பெண்கள் குலவையிட்டார்கள். எங்கேயோ மைல்கணக்கான தூரத்தில், கதவையெல்லாம் சாத்திய ஓர் அறைக்குள் ஒருவர் கூப்பிடுகிறார். அது காற்றில் வந்து, என் வால்வில் நுழைந்து, கம்பத்தில் ஏறி, இங்கே ஒருத்தியின் உடம்பில் இறங்குகிறது. சாமி உண்டா இல்லையா என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் வால்வு வேலைக்காரன். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

அந்த உச்சத்தில் பாட்டு தேய்ந்தது. யாரோ குடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி அடங்கி, இல்லாமல் போய்விட்டது. "இத்துடன் வில்லுப்பாட்டு நிகழ்ச்சி நிறைவடைகிறது" என்று ஓர் இனிமையான குரல். பிறகு நேரம் சொல்லும் பீப் சத்தம். பிறகு செய்தி.

நிலையத்தின் மேல் தப்பில்லை. டில்லிச் செய்தி யாருக்காகவும் நிற்காது. அண்ணாவிக்கு அரை மணி என்று சொல்லியிருந்தார்கள், ஆனால் விடியவிடியப் பாடிப் பழகியவருக்கு அரை மணி என்பது தொண்டை திறக்கிற நேரம்தான்.

பெஞ்சுக் கூட்டம் முன்னால் குனிந்தது. அன்றைக்குத்தான் தாலுகா விஷயத்தில் ஏதோ முடிவு சொல்லப்போகிறார்கள் என்று காலையிலிருந்தே பேச்சு. ஆனால் புல்தரையில் ஒருவரும் அசையவில்லை. செல்லம்மை ஆடவில்லை, விழவுமில்லை. விறைத்து நின்றாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கோளாம்பியைப் பார்த்தாள். "பாட்டு எங்கடா?" என்றாள். அந்தக் குரலை அவளுடைய குரல் என்று நான் சொல்ல மாட்டேன்.

அவளுடைய புருஷன் தாணு வண்டியோட்டி. பால்குடி மாறாத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என் அறைக்கு ஓடி வந்தான்.

"பாட்டைப் போடுடே மக்கா! வாழி பாடல்ல பாத்துக்கோ! வாழி பாடாம நிப்பாட்டிட்டானுவ!"

"அது நிலையத்துலருந்து வருகதுல்லா அண்ணாச்சி. எனக்க கையில இல்ல."

"முன்ன ஒரு கொடைக்கு அடிபிடி வந்து பாட்டு பாதியில நின்னு போச்சு. கேட்டியா, அடுத்த கொடை வாறதுவரை இவ எங்க யார்கிட்டயும் பேசல்ல. மூத்த பொண்ணு கூப்பிடக் கூப்பிட ஏறெடுத்துப் பாக்கல்ல. இப்பம் பால்குடிக்குத பிள்ளை இருக்குடே." அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "ஒனக்க கையில இல்லன்னா பின்ன என்னதான்டே இருக்கு ஒனக்க கையில?"

பிள்ளைகளா, நம் தொழிலில் அதிகமாகச் சொல்லப்படுகிற பொய் அதுதான்: என் கையில் இல்லை. பாதி நேரம் அது உண்மையாகவும் இருக்கும், அதனால்தான் சொல்வதற்கு அவ்வளவு வசதி. தாணு கேட்ட பிறகு நான் என் கையைப் பார்த்தேன். இரண்டு பொருள் இருந்தன. ஒன்று, செட்டின் சத்தத்தை ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புகிற திருகு. இன்னொன்று, பிள்ளை தொலைந்தால் எடுக்கிற மைக்.

திருகில் கை வைத்தேன். வாசலில் வக்கீல் வந்து நின்றார்.

"கையை எடும் தம்பி. இன்னைக்கு நம்ம காரியம் சொல்லப் போறான். ஊரே காத்துக்கிட்டிருக்கு."

அவர் நினைத்தால் மறுநாள் எனக்கு வேலை இருக்காது. அதைவிட, அவர் சொன்னதும் நியாயம். அந்தச் செய்திக்காக அடிபட்டவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஒரு தட்டில் ஊர், இன்னொரு தட்டில் ஒரு பெண். இதில் எது கனம் என்று யோசித்துக்கொண்டிருந்தால் இன்றுவரை யோசித்துக்கொண்டுதான் இருப்பேன். நான் வேறு விதமாக யோசித்தேன்: எது மறுபடி வரும்? செய்தி இரவில் இன்னொருமுறை வரும், காலையில் பத்திரிகையில் வரும். வாழி வராது. நெருக்கடியில் உங்களுக்கும் இந்தக் கேள்வி உதவும். எது முக்கியம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். எது திரும்ப வராது என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்.

"வக்கீலண்ணாச்சி, நீங்க உள்ள வாங்க. செட்டுக்குள்ள ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கு. அதுல காதை வச்சுக் கேளுங்க. ஒரு வார்த்தை விடாமக் கேட்டு எல்லாருக்கும் சொல்லுங்க. கோளாம்பிய எனக்குத் தாங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தாணுவின் தோளில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். உள்ளே வந்து, செட்டின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து, அதில் காதை வைத்தார். கோர்ட்டில் நீதிபதிக்கு முன்னால்கூட அவ்வளவு குனிந்திருக்க மாட்டார்.

வெளியே செய்தியை அடக்கினேன். மைக்கை எடுத்துக்கொண்டு வயர் எட்டுகிற மட்டும் நடந்தேன், விளக்குவரை எட்டியது. "வாழி தெரிஞ்சவங்க யாரு உண்டோ அவங்க வந்து பாடுங்க" என்றேன். என் குரல் வானத்திலிருந்து எனக்கே கேட்டது.

ஒருவரும் வரவில்லை.

காரணம் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும், அன்று எனக்கு வரவில்லை. வாழி பாடுவது விடியப்போகும்போது. அதற்குள் கொடைக்கு வந்த கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் துண்டை விரித்துப் படுத்துத் தூங்கியிருப்பார்கள். கதை தெரியாதவன் அங்கே கிடையாது. வரத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் பாடுவார்கள். வாழி மட்டும் யாருக்கும் முழுசாகத் தெரியாது. கூப்பிடத் தெரிந்த ஊர், அனுப்பத் தெரியாமல் நின்றது.

அப்போது புல்தரையிலிருந்து ஒரு கிழவர், கொடைக்குக் கொடை சுக்குக்காப்பி விற்கிறவர், எழுந்து வந்தார். காப்பி விற்கிறவர் தூங்க முடியாது இல்லையா? "மொத வரி தெரியும்டே. அடுத்தது ஓர்மை இல்ல" என்றார்.

"அடுத்தது எனக்குத் தெரியும்" என்றாள் பொங்கல் பானைக்கு விடியவிடிய விழித்திருக்கிற ஒருத்தி.

"நடுவுல 'மழை'ன்னு ஒரு வரி உண்டு வேய்" என்றது தூரத்தில் ஒரு குரல்.

காப்பிக்காரர் தொடங்கினார். அந்தப் பெண் வேறு சுருதியில் தொடர்ந்தாள். பத்துப் பேர் சேர்ந்தபோது பத்துச் சுருதி. சந்தை இரைச்சல் மாதிரி ஆகிவிட்டது. செல்லம்மை பல்லைக் கடித்துக்கொண்டு தலையை இங்கும் அங்கும் திருப்பினாள். தாணு கண்ணை மூடிக்கொண்டான்.

பெஞ்சிலிருந்து டேவிட் சார் எழுந்தார். செருப்பைக் கழற்றினார்.

"நான் பாட மாட்டேன், கேட்டியளா? சுருதி மட்டும் தாறேன். அதைப் பிடிச்சுக்கிடுங்க."

மைக்குக்கு முன்னால் வந்து, வாயைத் திறக்காமல், மூக்கிலும் நெஞ்சிலும் ஒரு நாதத்தைப் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கோயிலையே நிமிர்த்தி உட்கார வைக்கிற நாதம் அது. கோளாம்பிகள் அதை நாலு பக்கமும் விரித்தன. கலைந்த குரல்கள் ஒவ்வொன்றாக வந்து அதில் உட்கார்ந்தன. யாரோ டீக்கடையிலிருந்து ஒரு மண்குடத்தைக் கொண்டுவந்து உள்ளங்கையால் மெதுவாகத் தட்டினார்.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை. ஒருவருக்கும் தெரியாத பாட்டை எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். ஒரு வரி ஈசாந்திமங்கலத்திலிருந்து வந்தது, அடுத்த வரி பறக்கை ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து. மயிலாடியிலிருந்து வந்திருந்த கல்தச்சர் ஒருவர் மழைக்கான வரியை முழுசாகச் சொன்னார். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்தார். ஊர் வாழி, வயல் வாழி, பெற்றவள் வாழி, பிள்ளை வாழி. தெரியாதவர்கள் "வாழி" என்ற சொல்லை மட்டும் சேர்ந்து சொன்னார்கள், பூங்கா முழுக்க அந்தச் சொல் கடல் மாதிரி எழுந்து விழுந்தது. நான் மைக்கைப் பிடித்திருந்தேன். அழுதேன் என்று சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

கடைசி வரியில் செல்லம்மையின் தோள் இறங்கியது. பக்கத்திலிருந்த பெண்கள் தாங்கிக்கொண்டார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள், அவிழ்ந்த தலைமயிரை அள்ளிச் செருகினாள். தாணு பக்கத்தில் போகப் பயந்து எட்டவே நின்றான்.

"ஏன் நிக்கேரு? பிள்ளை பசியில கெடந்து அழுகது கேக்கல்லியா?" என்று கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

நான் திரும்பியபோதுதான் பார்த்தேன், வக்கீல் அறை வாசலில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். செய்தி எப்போதோ முடிந்திருந்தது. ஊரே காத்திருந்த சேதியை வாயில் வைத்துக்கொண்டு, வாழி முடியட்டும் என்று அசையாமல் நின்றிருக்கிறார். எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டு என்ன சொன்னான் என்று கேட்டார்கள்.

"நம்ம காரியம் இன்னைக்கும் ஒண்ணும் சொல்லல்ல" என்றார். டேவிட் சார் சிரிக்க, பூங்காவே சிரித்தது. வக்கீலும் சிரித்தார். என் வேலை போகவில்லை.

சில வருஷம் கழித்து நான் நிலையத்தில் சேர்ந்தேன். ஒருநாள் அதே அண்ணாவி பாட வந்தார். நிகழ்ச்சிக்குப் பிறகு அவருக்குக் காப்பி வாங்கிக்கொடுத்து, பூங்காவில் நடந்ததைச் சொன்னேன். காப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"நியூஸ் தொடங்கின ஒடனேயா பாடினிய?"

"ஆமா அண்ணாவி. நியூஸ் ஓடும்போதே."

அவர் சொன்னார். அன்று ஒலிபரப்பு நடக்கும்போது எரிகிற சிவப்பு விளக்கு அணைந்ததும், கண்ணாடிக்கு அப்பால் இருந்த அதிகாரி உள்ளே வந்து, ரொம்ப நன்றாக இருந்தது, முடிந்துவிட்டது, எழுந்திருக்கலாம் என்றாராம். அண்ணாவி எழுந்திருக்கவில்லையாம். மைக் வேலை செய்யவில்லை, இனி யாருக்கும் கேட்காது என்று அந்த அதிகாரி திரும்பத் திரும்பச் சொன்னாராம். குடக்காரரைப் பார்த்து அண்ணாவி தலையசைத்திருக்கிறார். சுவரெல்லாம் சத்தத்தை விழுங்குகிற அந்த அறைக்குள், செத்த மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் வாழி பாடி முடித்துவிட்டுத்தான் வில்லை அவிழ்த்திருக்கிறார்கள்.

"கேக்க ஆளில்லன்னு சொன்ன பொறவும் யாருக்கு அண்ணாவி பாடினிய?"

"கூப்பிட்டது நாங்கள்லாடே? அவ எங்க போயி எறங்கினான்னு எங்களுக்குத் தெரியாது. அதுக்காண்டி அனுப்பி வைக்காம எந்திரிச்சுப் போக முடியுமா?"

அங்கே அவர்கள் பாடியது வெளியே போகவில்லை. இங்கே நாங்கள் பாடியது அவர்களுக்குக் கேட்கவில்லை. இடையில் கம்பியில்லை, அலையில்லை, ஒன்றுமில்லை. ஒரே வாழியை ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் பாடியிருக்கிறோம். எத்தனையோ கருவிகளை அதற்குப் பிறகு பார்த்துவிட்டேன், இதைவிடப் பெரிய ஒலிபரப்பை நான் பார்க்கவில்லை.

போகும்போது வாசலில் நின்று அண்ணாவி கேட்டார். "அந்தப் பொம்பள பிள்ளைய எடுத்தாளா?"

"எடுத்தா அண்ணாவி."

கை கூப்பி ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வில்லைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்றுமுதல் நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். நேரமாகிவிட்டால் நானும் சத்தத்தைத் தேய்க்கிற ஃபேடரை இறக்கித்தான் ஆக வேண்டும், இறக்கினேன். ஆனால் உள்ளே பாடுகிறவரை எழுந்திருக்கச் சொன்னதில்லை. சிவப்பு விளக்கு அணைந்த பிறகு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அவர் முன்னால் உட்காருவேன். அவர் முடிக்கும்வரை கேட்பேன். இளம் அதிகாரிகள் கண்ணாடிக்கு அப்பால் நின்று கடிகாரத்தைக் காட்டுவார்கள், காட்டட்டும். நீங்களும் உட்காருங்கள். அந்தக் குரல் எங்கே போய் இறங்கியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.